ஒரே எஞ்சினில் மூன்று முறை போன பிக்எண்ட் பெயாரிங்: வாழைச்சேனைப் பலநாள் போட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வங்காள விரிகுடாவுக்குப் போய்வரும் 45 அடிப் பலநாள் போட் இது. ஒரு பயணம் 18 நாள் வரை நீளும். எஞ்சின் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்ட, டர்போ பொருத்திய நாலு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) டீசல். சிலிண்டர் விட்டம் 105 மி.மீ, பிஸ்டன் ஓடும் அடி நீளம் (ஸ்ட்ரோக்) 125 மி.மீ, கொள்ளளவு 6.5 லீற்றர், நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 180 குதிரைவலு. கியர்பெட்டி மூன்றுக்கு ஒன்று.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கொன்ரொட்டின் பெரிய முனையில், கிராங்கைப் பிடித்திருக்கும் பிக்எண்ட் பெயாரிங்தான் இந்த ஆய்வின் பொருள். அது மேலும் கீழுமாக இரண்டு அரைவட்ட ஷெல் கொண்டது. கிராங்க் பின்னின் விட்டம் புதிதில் 70 மி.மீ, ஷெல்லின் அகலம் 32 மி.மீ. ஷெல் மூன்று அடுக்கு: முதுகில் உருக்கு, நடுவில் செம்பு-ஈயம், மேலே 20 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மி.மீ) அளவில் ஈயம்-வெள்ளீயம்-செம்பு மேற்பூச்சு. சாம்பல் நிறம் போய்ச் செம்பு நிறம் தெரிந்தால் மேற்பூச்சு முடிந்துவிட்டது என்று பொருள்.

பெரிய கப்பல் எஞ்சின்களின் பெயாரிங்கைக் கணிக்கும் அதே சமன்பாட்டை இந்தச் சின்ன எஞ்சினுக்கும் பயன்படுத்தினோம். 960 மி.மீ சிலிண்டர் விட்டமும் 2,500 மி.மீ அடி நீளமும் கொண்டு நிமிடத்துக்கு 102 சுற்றில் ஓடும் கொள்கலன் கப்பல் எஞ்சினிலும் சரி, 105 மி.மீ எஞ்சினிலும் சரி, உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைத்திருப்பது சில மைக்ரோன் தடிப்புள்ள ஒயில் படலம்தான். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். பெரிய எஞ்சினில் பெயாரிங் கூடு சுமையில் வளையும் அளவு படலத்தின் தடிப்பையே மிஞ்சிவிடும். அங்கே கூட்டின் நெகிழ்வையும் சேர்த்துக் கணிக்காமல் முடியாது. இங்கே கூட்டை விறைப்பானது என்று எடுத்துக்கொண்டோம். அதனால் வரும் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் பயன்படுத்தலாம், அறுதியான அளவாகக் கொள்ளக்கூடாது என்பதை முதலிலேயே பேசி முடிவெடுத்தோம்.

மூன்று முறை நடந்தது

பங்குனியில், கடைசி ஓவர்ஹோலுக்குப் பின் ஏறக்குறைய 1,900 மணித்தியாலம் ஓடியிருந்தபோது, கரை திரும்பும் வழியில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. ஐந்தாம், ஆறாம் பிக்எண்ட் ஷெல்கள் போயிருந்தன. கிராங்கை 0.25 மி.மீ அரைத்துப் புது ஷெல் போட்டார்கள்.

ஆடியில், 420 மணித்தியாலத்தில், மறுபடி ஆறாவது. இம்முறை 0.50 மி.மீ வரை அரைத்தார்கள். பின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக விட்டதுதான் காரணம் என்று பட்டறையில் முடிவெடுத்து, இறுக்கமாகப் பொருத்தினார்கள். ஸ்கிப்பரும் இனி 1,300 சுற்றுக்கு மேல் போவதில்லை என்று ஓட்டினார்.

புரட்டாதியில் மூன்றாவது முறை. வெறும் 260 மணித்தியாலம்.

மூன்றாவது முறையும் அரைக்கக் கிராங்கைக் கொடுக்குமுன் உரிமையாளர் நிறுத்தினார். கல்முனைப் பக்கம் கணிப்பு வேலை தெரிந்த ஒருவரும், வாழைச்சேனையில் டீசல் எஞ்சின் வேலை செய்யும் ஒருவருமாக நாங்கள் சேர்ந்து பார்த்தோம். மழைக்காலம் நெருங்கியிருந்ததால் போட் எப்படியும் கரையில்தான் நிற்கப்போகிறது. அவசரமில்லாமல் பார்க்கக் கிடைத்த ஆறு கிழமை இந்த வேலைக்குப் பெரிய உதவி.

கழற்றியபோது கண்டவை

ஒவ்வொரு ஷெல்லையும் எடுக்குமுன் சிலிண்டர் இலக்கம், மேல்-கீழ், முன்-பின் மூன்றையும் பெயின்ட் பேனாவால் முதுகில் குறித்தோம். முதல் இரண்டு முறையும் இது நடக்கவில்லை. பழைய ஷெல்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

ஆறாவதின் மேல் ஷெல், அதாவது எரிப்பு விசையை வாங்கும் கொன்ரொட் பக்க ஷெல், பின் விளிம்பில் 8 மி.மீ அகலப் பட்டையாக முழுதும் செம்பு. முன் விளிம்பில் மேற்பூச்சு அப்படியே இருந்தது. ஐந்தாவதும் அதே போல, கொஞ்சம் குறைவு. ஒன்று முதல் நாலு வரை மேல் ஷெல்கள் நடுவில் பளபளத்துத் தேய்ந்திருந்தன, செம்பு தெரியவில்லை. கீழ் ஷெல்கள் எல்லாம் நல்ல நிலை. ஆகவே இரண்டு கேள்வி: ஆறும் ஏன் தேய்ந்தன? கடைசி இரண்டும் ஏன் ஒரு பக்கமாகத் தேய்ந்தன? இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடியதுதான் முந்திய இரண்டு திருத்தத்தையும் வழி தவறச் செய்தது என்பது எங்கள் கருத்து.

ஒயில் வடிகட்டியைக் குழாய் வெட்டியால் வெட்டித் திறந்தோம். இரும்பறுக்கும் வாளால் வெட்டினால் வாளின் தூளும் சேர்ந்துவிடும். மடிப்புகளில் செம்பு நிறச் செதில்கள் இருந்தன.

ஒயிலில் டீசல் மணம். வடிதாளில் விட்ட துளி மறுநாள் காலையில் கறுத்த நடுவும், வெளியே அகன்ற வெளிர்மஞ்சள் வளையமுமாகப் பரவியிருந்தது. அந்த வெளி வளையம் டீசல் கலந்ததன் அடையாளம். சூடாக்கிய தகட்டில் ஒரு துளி விட்டபோது பொரியவில்லை, தண்ணீர் கலக்கவில்லை.

பாகுநிலையை, அதாவது ஒயில் எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்பதை, ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் ஒப்பிட்டே அறிந்தோம். 50 மில்லி ஊசிக்குழாயின் நுனியில் 3 மி.மீ உள்விட்டமுள்ள 10 செ.மீ நேர்க்குழாயைப் பொருத்தி, நிலைக்குத்தாகக் கட்டி, 20 மில்லி இறங்கும் நேரத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தோம். இரண்டு ஒயிலும் ஒரே அறையில் ஓர் இரவு இருந்து ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே அளக்க வேண்டும். இரண்டு பாகை வேறுபாடும் விடையை மாற்றும். புதிய 15டபிள்யூ-40 ஒயிலுக்கு 118 விநாடி, எஞ்சினிலிருந்து எடுத்ததற்கு 74 விநாடி. கலவைச் சூத்திரத்தில் போட்டால் டீசல் ஏறக்குறைய 8 வீதம். ஒயில் தட்டில் 16 லீற்றர் என்பதால் 1.3 லீற்றர் டீசல். 40 தர ஒயில் 100 பாகையில் குறைந்தது 12.5 சென்ரிஸ்ரோக் (பாகுநிலையின் அலகு) இருக்க வேண்டும். இது 14.5 இலிருந்து 11 க்குப் பக்கத்தில் இறங்கி, 30 தரமாக மாறியிருந்தது.

எரிபொருள் ஏற்றும் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருந்தது. அந்தப் பம்பின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. டயஃப்ரம் கிழிந்தால் டீசல் அதன் வழியே வெளியே சொட்டி ஆளுக்குத் தெரியவேண்டும். எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தத் துளை அடைபட்டுப்போனது. வெளியே வழியில்லாத டீசல் உள்ளே ஒயில் தட்டுக்குள் போனது. போட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரு வசனம் இதைத் தெளிவாக்கியது: "இது ஒயில் குடிக்காத எஞ்சின்." 18 நாள் ஓடியும் அளவுகோலில் ஒயில் குறையாத டீசல் எஞ்சினை நல்ல எஞ்சின் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது; குறைந்த ஒயிலின் இடத்தை வேறு ஏதோ நிரப்புகிறது.

இன்னொரு செய்தி கேட்டபோதுதான் கிடைத்தது. முதல் பழுதுக்கு ஏறக்குறைய 350 மணித்தியாலம் முன்பு மீன் அறையைப் பெரிதாக்கி, புரொப்பெலரையும் மாற்றியிருந்தார்கள். பழையது 32 அங்குல விட்டம், 22 அங்குலப் பிற்ச் (ஒரு சுழற்சியில் முன்னேற வேண்டிய தூரம்). புதியது 34 க்கு 26, பழைய சாமானாக வாங்கியது. அதன் பின் ஐஸ் ஏற்றிய நிலையில் முழு திறொட்டிலில் 1,750 சுற்றுக்கு மேல் எஞ்சின் ஏறவேயில்லை. சுமையோடு முழு திறொட்டிலில் குறித்த சுற்றை எட்டாத எஞ்சின், தாங்கக்கூடியதைவிடப் பெரிய புரொப்பெலரைச் சுழற்றுகிறது. விட்டத்தையும் பிற்சையும் வைத்துப் பார்த்தாலே அதே சுற்றுக்கு வேண்டிய வலு ஒன்றரை மடங்கு. முறுக்குவிசை மாறாது என்று வைத்தால் 2,200 ஐ ஒன்றரையின் வர்க்கமூலத்தால் வகுக்க ஏறக்குறைய 1,800 வரும். கடலில் கண்ட 1,750 இதற்குப் பொருந்துகிறது.

கணிப்பை எப்படிச் செய்தோம்

படலத்துக்குள் அமுக்கம் எப்படிப் பரவும் என்பதற்கு ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் 1886 இல் தந்த சமன்பாடுதான் அடிப்படை. எஞ்சின் பெயாரிங்கில் சுமை ஒவ்வொரு பாகைக்கும் மாறுவதால், அதை ஒவ்வொரு கணமும் முழுமையாகத் தீர்ப்பது நேரம் பிடிக்கும். 1965 இல் ஜே. எஃப். புக்கர் வெளியிட்ட நகர்திறன் முறை இந்த இடத்தில் கைகொடுக்கிறது: தண்டின் மையம் எங்கே இருக்கிறது, சுமை எவ்வளவு, எந்தத் திசை என்று தெரிந்தால், மையம் அடுத்து எந்த வேகத்தில் எங்கே நகரும் என்பதை ஒரே சூத்திரம் சொல்லிவிடும். அகலத்தை விட்டத்தால் வகுத்தால் 0.46 வருவதால், குறும் பெயாரிங் சூத்திரம், அதாவது அகலம் குறைந்த பெயாரிங்குக்கான எளிய வடிவம், போதுமானது. விரிதாளிலேயே செய்யலாம்.

வேண்டிய உள்ளீடுகளில் முதலாவது சுமை. 1,750 சுற்றில் முழுச் சுமைக்கு உச்ச எரிப்பமுக்கம் 130 பார் என்று எடுத்தோம். பிஸ்டன் பரப்பால் பெருக்க ஏறக்குறைய 112.6 கிலோநியூட்டன். இதிலிருந்து சடத்துவ விசையைக் கழிக்க வேண்டும். மேலும் கீழும் ஓடும் திணிவு 2.5 கிலோ, கொன்ரொட்டின் சுழலும் பங்கு 1.6 கிலோ; இந்தச் சுற்றில் இரண்டும் சேர்ந்து 10 கிலோநியூட்டனைக் கழிக்கும். மீதி ஏறக்குறைய 102. ஷெல்லின் எறியப் பரப்பால் (விட்டத்தை அகலத்தால் பெருக்கியது) வகுத்தால் ஏறக்குறைய 45.5 மெகாபாஸ்கல். 2,200 சுற்றில் உச்ச அமுக்கம் 120 பார், சடத்துவம் கழிப்பது 16 கிலோநியூட்டன். ஆகவே மீதி 88 மட்டும். வேகமாக ஓடும்போது சுமை குறைவது பலருக்கு வியப்பாக இருந்தது: சிலிண்டரின் மேல் எல்லையில் பிஸ்டனின் சடத்துவம் எரிப்பு விசைக்கு எதிராக இழுக்கிறது, வேகம் குறையும்போது அந்த உதவி போய்விடுகிறது.

இரண்டாவது பாகுநிலை. ஒயில் தட்டின் வெப்பநிலையைப் போடாமல் பெயாரிங்குக்குள் இருக்கும் வெப்பநிலையைப் போட வேண்டும். 12 பாகை கூட்டினோம். 110 பாகையில், வேகமான சறுக்கலில் பல்தர ஒயில் இன்னும் இளகுவதையும் சேர்த்து, நல்ல ஒயிலுக்கு 8.5 மில்லிபாஸ்கல்-விநாடி. டீசல் கலந்ததற்கு 6.3.

மூன்றாவது இடைவெளி. விட்டத்தில் 0.07 மி.மீ, ஆரையில் 0.035.

கிராங்க் கோணத்தில் ஒரு பாகை என்ற படியில் முதல் ஓட்டத்தை ஓட்டியபோது படலத் தடிப்பு எதிர்க்குறியில் வந்தது. தண்டு ஷெல்லை ஊடுருவிப் போகிறது என்று விரிதாள் சொன்னது. படலம் மெலியும்போது சூத்திரத்தின் சரிவு மிக வேகமாக மாறுவதால், பெரிய படி எல்லையைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. எரிப்புக்குப் பின் 90 பாகை வரை படியை 0.1 ஆக்கியதும் சரியானது. தொடக்கத்தில் தண்டை எங்கே வைத்தாலும் இரண்டு முழுச் சுழற்சிக்குள், அதாவது 1,440 பாகைக்குள், ஒரே பாதையில் வந்து விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

இன்னொரு பிழை இதைவிட ஆபத்தானது. ஒரு கட்டத்தில் ஆரை இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் விட்ட இடைவெளி இருந்தது. விடை 2.6 மைக்ரோனுக்குப் பதில் 2.4. பத்து வீதத்துக்கும் குறைவான வித்தியாசம், பார்த்தால் நம்பத்தக்க எண். இரண்டு மடங்கு தவறான உள்ளீடு இத்தனை சாந்தமான விடையைத் தரும் என்பது புதிதாகக் கணிப்பவர்கள் அறிய வேண்டிய செய்தி. நடுத்தர வேக ரஸ்டன்-ஹோர்ன்ஸ்பி 6விஈபி-எக்ஸ் எஞ்சினின் பிக்எண்ட்டை நிமிடத்துக்கு 600 சுற்றில் கணித்த விடைகள் 1967 முதல் பலரும் ஒப்பிடும் சோதனைக் கணக்காக இருக்கின்றன. அதன் உள்ளீடுகளை எங்கள் விரிதாளில் போட்டுப் பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. தெரிந்த கணக்கில் சரிபார்க்காத விரிதாளை வைத்து ஒருவரின் எஞ்சினைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது.

விடைகள்

எரிப்பு உச்சத்துக்குப் பின் 30 முதல் 40 பாகைக்குள் படலம் மிக மெலிகிறது. அந்த மிகக் குறைந்த தடிப்பு ஒவ்வொரு நிலைக்கும் இப்படி வந்தது.

நல்ல ஒயில், 2,200 சுற்று, முழுச் சுமை: 3.2 மைக்ரோன்.
நல்ல ஒயில், பெரிய புரொப்பெலர், 1,750 சுற்று, முழுச் சுமை: 2.6.
அதே நிலை, இடைவெளி 0.07 க்குப் பதில் 0.12 மி.மீ: 2.4.
இடைவெளி பழையபடி 0.07, டீசல் கலந்த ஒயில்: 2.2.
அதோடு ஒயில் 10 பாகை கூடச் சூடானால்: 2.0.

உச்ச அமுக்கத்தில் 10 பார் தவறியிருந்தால் விடை 0.1 மைக்ரோன் அளவே மாறும். வரிசை மாறாது.

பட்டறையில் குற்றம் சுமத்தப்பட்டது இடைவெளி. அதை 0.12 வரை கூட்டிய பின்னும் 0.2 மைக்ரோன்தான் போகிறது. புரொப்பெலர் ஒன்றே 0.6 ஐ எடுத்துவிட்டது, டீசல் இன்னொரு 0.4. இடைவெளி கூடினால் ஒயில் அமுக்கமானி இறங்கும். அமுக்கமானி இறங்குவது கண்ணுக்குத் தெரிவதால் இடைவெளி குற்றவாளியாகிவிடுகிறது.

ஸ்கிப்பரின் கேள்வி நியாயமானது: இரண்டாம் திருத்தத்துக்குப் பிறகு 1,300 இல்தானே ஓட்டினோம், பிறகும் ஏன் போனது? 1,300 இல் புரொப்பெலர் கேட்கும் முறுக்குவிசை, 1,750 இல் கேட்பதன் 55 வீதம் மட்டும். உச்ச அமுக்கமும் 90 பாருக்கு இறங்கும். ஆனாலும் டீசல் கலந்த ஒயிலில் படலம் 2.2 இலிருந்து 2.3 க்குத்தான் ஏறுகிறது. ஒவ்வொரு எரிப்பின் அழுத்தமும் ஏறக்குறைய 60 பாகைக்கு நீடிக்கும். 1,750 இல் அது 5.7 மில்லிவிநாடி, 1,300 இல் 7.7. மெதுவாக அழுத்தினாலும் நெடுநேரம் அழுத்துவதால் ஒயில் வெளியே பிதுங்கத் தேவையான நேரம் கிடைத்துவிடுகிறது. வேகம் குறைத்ததன் உண்மையான பலன் ஒயில் குளிர்வதால் வருவது: 10 பாகை குளிர்ந்தால் 2.6. அவர் செய்தது தவறில்லை. அது ஒன்றே போதாமல் போனது.

இந்த எண்கள் பெரிதா சிறிதா என்பதைப் பரப்பின் கரடோடு, அதாவது அதன் நுண்ணிய மேடுபள்ளத்தோடு, வைத்துத்தான் பார்க்க வேண்டும். அரைத்த கிராங்க் பாலிஷ் செய்யப்படவில்லை. ஒப்பீட்டுத் தகட்டில் 0.8 மைக்ரோன் கரடு. ஷெல்லில் 0.6. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 1.0. படலம் இந்தக் கரடைப்போல் மூன்று மடங்கு இருந்தால் உலோகங்கள் தொடா. 3.2 அந்தக் கோட்டுக்கு மேலே, 2.0 கீழே. ஆறு ஷெல்லும் தேய்ந்ததற்கு விடை இங்கே கிடைத்தது. பாலிஷ் செய்து கிராங்கை 0.25 க்குக் கொண்டுவந்தால் கூட்டுக் கரடு 0.65 ஆகும். மேசையில் செய்யக்கூடிய ஒரு வேலைக்கு இது பெரிய பலன்.

கணிப்புக்குத் தெரியாத சாய்வு

ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்ததை மேற்சொன்ன எந்த எண்ணும் விளக்காது. நகர்திறன் முறை தண்டும் ஷெல்லும் இணையாக இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது.

மைக்ரோமீற்றரால் ஒவ்வொரு பின்னையும் முன், பின் இரண்டு இடத்திலும், இரண்டு திசையிலும் அளந்தோம். ஆறாவது: ஒரு முனையில் 69.490, மறுமுனையில் 69.478. சாய்வு 0.012 மி.மீ. ஐந்தாவது 0.009. மற்ற நாலும் 0.005 க்குள். விட்டத்தில் 0.012 என்றால் ஆரையில் 6 மைக்ரோன். நடுவில் 2 மைக்ரோன் படலம் இருக்கும் இடத்தில் ஒரு விளிம்பு 3 மைக்ரோன் உயர்ந்தும் மறு விளிம்பு 3 மைக்ரோன் தாழ்ந்தும் நிற்கிறது. உயர்ந்த விளிம்பில் படலத்துக்கு இடமே இல்லை.

ஷெல்லை எட்டுத் துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனிக் குறும் பெயாரிங்காகக் கணிக்கலாமே என்று முதலில் தோன்றியது. அது தவறு. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒயில் வெளியே கசிவதாகச் சூத்திரம் எடுத்துக்கொள்ளும், உண்மையில் பக்கத்துத் துண்டு அங்கே அடைத்து நிற்கிறது. ஆகவே சுற்றளவில் 121, அகலத்தில் 25 புள்ளிகள் வைத்து ரெனோல்ட்ஸ் சமன்பாட்டை நேரடியாகத் தீர்த்தோம். ஒவ்வொரு கணிப்புச் சுற்றிலும் எதிர்க்குறி அமுக்கங்களைச் சுழியமாக்கும் கிறிஸ்டோஃபர்சனின் 1941 ஆம் ஆண்டு வழி இதற்குப் போதும். அமுக்க உச்சம் நடுவிலிருந்து நகர்ந்து பின் விளிம்புக்கு 5 மி.மீ க்குள் வந்து நின்றது. ஷெல்லில் கண்ட செம்புப் பட்டை 8 மி.மீ.

அரைத்த இடத்தில் விசாரித்தபோது, பின்களை ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக அரைத்ததாகவும், சாணைக்கல்லை இடையிடையே வைரத்தால் சீர் செய்யவில்லை என்றும் சொன்னார்கள். கல் தேயத் தேயக் கடைசிப் பின்கள் கூம்பிப் போயின.

எடுத்த முடிவுகள்

பம்ப் புதிதாக மாற்றப்பட்டது. பழைய டயஃப்ரத்தை மட்டும் மாற்றலாம் என்ற யோசனையை விட்டோம். நெம்புகோல் அச்சும் தேய்ந்திருந்தது. பக்கத் துளை திறந்திருக்கிறதா என்பதை மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தோம்.

கிராங்கை 0.75 க்கு அரைக்கக் கொடுத்தபோது நிபந்தனைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம்: சாய்வும் நீள்வட்டமும் 0.005 மி.மீ க்குள், ஒவ்வொரு பின்னுக்கும் கல் சீர் செய்ய வேண்டும், பின்னின் ஓர வளைவின் ஆரை பழையபடியே இருக்க வேண்டும், அங்கே கூர்மை விழுந்தால் பெயாரிங் பிழைத்தாலும் கிராங்க் முறியும், ஒயில் துளையின் வாய் வளைக்கப்பட வேண்டும், கடைசியில் பாலிஷ். பணம் கொடுக்குமுன் எங்கள் மைக்ரோமீற்றரால் அளப்போம் என்றும் எழுதியிருந்தது. இந்தக் கிராங்க் தூண்டல் வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது, அதனால் 0.75 வரை போனாலும் கடின அடுக்கு மிஞ்சும். நைதரசனூட்டிய கிராங்காக இருந்தால் அந்த மெல்லிய அடுக்கு அரைத்ததோடு போய்விடும், இந்த முடிவும் மாறியிருக்கும்.

ஒயில் குளிர்விப்பான் முதல் இரண்டு முறையும் கழுவப்படாமலே திரும்பப் பூட்டப்பட்டிருந்தது. அதைத் தட்டியபோது செம்புச் செதில் விழுந்தது. குழாய்க்கற்றைக்குள் ஒளிந்த செதிலை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது, மாற்றினோம். கிராங்கின் உள்துளைகளின் அடைப்பான்களைக் கழற்றித் தூரிகை விட்டுத் தேய்த்து, டீசல் பீச்சிக் கழுவினோம்.

20டபிள்யூ-50 ஒயிலுக்கு மாறலாம் என்ற யோசனையும் வந்தது. கணிப்பில் அது 2.6 ஐ 3.0 ஆக்குகிறது, நல்ல பலன்தான். ஆனாலும் ஏற்கவில்லை. டீசல் மறுபடி கசிந்தால் அந்த ஒயிலும் இளகும். காரணத்தை அப்படியே விட்டு ஒயிலைத் தடிப்பாக்கினால் அடுத்த பழுது தாமதமாகவும் மறைவாகவும் வரும். தயாரிப்பாளர் குறித்த 15டபிள்யூ-40 ஐயே வைத்தோம்.

புரொப்பெலர் விடயத்தில்தான் பேச்சு நீண்டது. பெரிய புரொப்பெலரில் 1,300 சுற்றில் கிடைத்த ஓட்டமும் எரிபொருள் சிக்கனமும் உரிமையாளருக்குப் பிடித்திருந்தது. கடைசியில் பழைய 32 க்கு 22 ஐயே இதழ் நிமிர்த்திப் பூட்டச் சம்மதித்தார். அவரை அசைத்தது 3.2 க்கும் 2.6 க்கும் உள்ள வித்தியாசமல்ல. முழு திறொட்டிலில் கறுப்புப் புகை வந்தது பற்றி ஸ்கிப்பர் சொன்னதுதான்.

பிறகு நடந்தவை

மழை ஓய்ந்து தை மாதக் கடைசியில் போட் இறங்கியது. ஐஸும் எரிபொருளும் தண்ணீரும் முழுதாக ஏற்றிச் செய்த ஓட்டத்தில் முழு திறொட்டிலில் 2,160 சுற்று. வெறும் போட்டில் இந்தச் சோதனையைச் செய்தால் பயனில்லை. அளவுகோல் குழாய்க்குள் வெப்பக் கம்பி இறக்கி அளந்தபோது ஒயில் தட்டில் 96 பாகை. முன்பு இதே முறையில் அளந்தது 108. சூடான நிலையில், வெற்றோட்டத்தில் ஒயில் அமுக்கம் 1.1 பாரிலிருந்து 2.0 க்கு ஏறியது.

300 மணித்தியாலத்தில் ஐந்தாவதையும் ஆறாவதையும் மட்டும் கீழிருந்து திறந்தோம். மேற்பூச்சு அகலம் முழுதும் ஒரே சாம்பல். 900 மணித்தியாலத்தில் ஆறாவதை மறுபடி திறந்தபோது நடுவில் மெல்லிய பளபளப்பு, விளிம்பில் ஒன்றுமில்லை. ஊசிக்குழாய்ச் சோதனையில் புதிய ஒயிலும் எடுத்த ஒயிலும் ஐந்து விநாடிக்குள் ஒத்துப்போயின. ஒயில் இப்போது ஒரு பயணத்துக்கு ஒரு லீற்றர் அளவில் குறைகிறது. போட்டில் இருப்பவர்கள் முதலில் இதைப் புதுப் பழுது என்றே நினைத்தார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் பழுதிலேயே ஒயில் மாதிரி எடுத்திருக்க வேண்டும். பழுதான எஞ்சினின் ஒயிலை வடித்து ஊற்றிவிடுவது வழக்கம். இந்த நிகழ்வில் இழந்த சான்றுகளில் அதுவே பெரியது. ஷெல்களைக் குறித்து எடுத்திருந்தால் ஆறாவதின் ஒருபக்கத் தேய்வு 0.25 க்கு அரைத்த பிறகு தொடங்கியதா, முன்பே இருந்ததா என்பது தெளிவாகியிருக்கும்.

நாங்களும் வரிசையைத் தவறவிட்டோம். கணிப்பில் இரண்டு கிழமை செலவழித்த பிறகே பின்களின் இரு முனையையும் தனித்தனியாக அளந்தோம். அதற்கு முன் பின்னின் நடுவில் மட்டும் அளந்து, நீள்வட்டம் இல்லை என்று திருப்திப்பட்டிருந்தோம். மைக்ரோமீற்றர் வேலை அரை நாள். அதை முதலில் முடித்து, சாய்வையும் கரடையும் உள்ளீடாக வைத்துக்கொண்டு கணிப்பைத் தொடங்குவதே முறை.

உச்ச எரிப்பமுக்கத்தை அளக்க இந்த எஞ்சினில் வழியில்லை. பெரிய கப்பல் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் அதற்கென்றே வால்வு இருக்கும். இங்கே அதற்குப் பதில் செய்யக்கூடியது சுற்றையும் புகைபோக்கி வெப்பத்தையும் பயணம் முழுதும் எழுதி வைப்பது. அந்தப் பதிவேடு இப்போது சக்கரத்தடியில் தொங்குகிறது: நாளுக்கு இரண்டு முறை சுற்று, ஒயில் அமுக்கம், ஒயில் வெப்பம், புகை வெப்பம். ஒவ்வொரு பயண முடிவிலும் 100 மில்லி ஒயில் ஒரு போத்தலில், திகதியும் மணித்தியாலமும் எழுதிக் கரைக்கு வருகிறது.